மெழுகு போன தோல்

சென்னையை ஒட்டிய அனகாபுத்தூரில் தறிச் சத்தம் முன்போலத் தெருவுக்குத் தெரு கேட்பதில்லை. ஆனாலும் வாழைநாரிலும் சணலிலும் கற்றாழை நாரிலும் சேலை நெய்கிற ஊர் என்ற பெயர் இன்னும் இருக்கிறது. ஒரு காலத்தில் மெட்ராஸ் கைக்குட்டை என்ற பெயரில் கட்டம் போட்ட துணி இந்தப் பக்கத்துத் தறிகளிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. அந்தக் காலத்தை அறிந்த, சாயவேலை தெரிந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தால் அவர் சாயத்திலிருந்து தொடங்கமாட்டார். நூலை வேகவைப்பதிலிருந்து தொடங்குவார்.

பருத்தி நூலை வந்தபடியே தண்ணீரில் போட்டால் மிதக்கும். சாயத் தொட்டியில் போட்டாலும் அப்படித்தான். மேலே திட்டுத்திட்டாக ஒட்டும், உள்ளே இறங்காது. பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் பூச்சு இருக்கிறது. எடையில் நூற்றில் ஒரு பங்குகூட வராத பூச்சு. அது இருக்கும்வரை நூல் தண்ணீர் குடிக்காது. சோடா உப்போ காஸ்டிக் சோடாவோ போட்டுக் கொதிக்க வைத்தால் மெழுகு கழன்றுவிடும். அதே நூல் பிறகு தண்ணீரில் கல்லைப்போல முழுகும். கொடுக்கிற சாயத்தையெல்லாம் குடிக்கும்.

இங்கிருந்து பம்மலைத் தாண்டினால் நாகல்கேணி. பல்லாவரம், குரோம்பேட்டை என்று நீளும் இந்தப் பகுதியின் இன்னொரு தொழில் தோல் பதனிடுவது. குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே குரோம் லெதர் கம்பெனியால்தான். அங்கேயும் முதல் வேலை இதே மாதிரிதான். பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போடுவார்கள். முடி கழலும், கூடவே மேல்தோல் முழுக்கக் கரைந்து போகும். நாம் செருப்பாகவும் பெல்ட்டாகவும் போடுவது அடித்தோலைத்தான். மேல்தோலைக் காரம் தின்றுவிட்டது.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் செருப்புக்கும் நமக்கும் தமிழில் ஒரே சொல், தோல். அதனால் இந்த ஒப்பீட்டைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. காலையில் குளியலறைக்குள் போய் நுரை பொங்கப் பொங்க முகத்தைத் தேய்த்து, துடைத்தபின் கன்னம் இறுக்கிப் பிடிக்க, ‘அப்பாடா, சுத்தமாகிவிட்டது’ என்று நினைக்கிறோமே, அப்போது செய்வது நூலை வேகவைக்கிற வேலையின் சின்ன வடிவம்தான். அதன்பிறகு பூசும் சீரம் ‘சுருக்’கென்று எரிந்தால், வேகவைத்த நூல் சாயம் குடிக்கிறது என்று பொருள். ‘எரிந்தால்தான் வேலை செய்யுது’ என்று பலர் நம்புகிறார்கள். எரிச்சல் சொல்வது பெரும்பாலும் தோலின் மதில் இடிந்த செய்தியை.

அந்த மதில் எவ்வளவு தடிமன்? கன்னத்திலும் கையிலும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. செத்துத் தட்டையான செல்கள் பதினைந்து இருபது அடுக்காகப் படிந்திருக்கும். செங்கல்லும் கலவையும் என்று தோல் மருத்துவர்கள் உவமை சொல்வார்கள். செல்கள் செங்கல். இடையில் பூசிய கலவை செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த பிசின். இரத்தப் பரிசோதனைச் சீட்டில் பார்த்துப் பயப்படுகிற கொலஸ்ட்ரால் இங்கே வீட்டுக்காரர். உடம்பிலுள்ள தண்ணீர் வெளியே ஆவியாகாமலும், வெளியே உள்ள கண்டது கழியது உள்ளே வராமலும் காப்பது இந்தக் கலவைதான். செங்கல்லுக்குள்ளேயே கொஞ்சம் ஈரத்தைப் பிடித்து வைக்கச் சில பொருட்கள் இருக்கின்றன: அமினோ அமிலங்கள், யூரியா, லாக்டிக் அமில உப்பு. இவை தண்ணீரில் கரைபவை. தண்ணீரில் ரொம்ப நேரம் ஊறிக் காய்ந்தபின் தோல் முன்பைவிட வறண்டு போவது பலருக்குத் தெரியும். தண்ணீரே தோலை வறட்டும் என்பதைச் சொன்னால் யாரும் லேசில் நம்பமாட்டார்கள்.

மதிலுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது சற்றுப் புளிப்பானது. 1928இல் ஷாடே, மார்க்கியோனினி என்ற இரண்டு ஜெர்மானியர்கள் தோலின் மேற்பரப்பு அமிலத்தன்மை கொண்டது என்று அளந்து, அதற்கு ‘அமிலப் போர்வை’ என்று பெயர் வைத்தார்கள். பி.எச். அளவில் அது ஐந்தைச் சுற்றி நிற்கும். இந்தப் புளிப்பு வெறும் அலங்காரத்துக்கு இல்லை. கலவைக்குத் தேவையான செராமைடைத் தயாரித்துத் தரும் நொதி புளிப்பில்தான் ஒழுங்காக வேலை பார்க்கும். செங்கல்லையும் செங்கல்லையும் இணைக்கிற முளைகளை அறுக்கும் வேறு நொதிகள் புளிப்பு குறைந்தால் வேகமெடுக்கும். ஆகப் புளிப்பு போனால் கொத்தனார் கைகட்டி உட்காருவார். இடிப்பவர் எழுந்து வருவார்.

இந்த இடத்தில் சோப்பு வருகிறது. தமிழில் ‘காரம்’ என்ற சொல்லுக்கு மிளகாயின் காரமும் உண்டு, அமிலத்துக்கு எதிரான காரமும் உண்டு. இலங்கைத் தமிழர்கள் இன்றும் சோப்பைச் சவர்க்காரம் என்றுதான் சொல்கிறார்கள். நம் ஊரிலும் பழைய ஆட்கள் சவுக்காரம் என்பார்கள். பெயரிலேயே காரம் ஒளிவு மறைவில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. உவர்மண்ணைப் போட்டு வெள்ளாவி வைத்துத் துணி வெளுத்ததும் அதே காரத்தை நம்பித்தான்.

சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. அதன் பி.எச். ஒன்பதிலிருந்து பத்துவரை. இந்த அளவுகோலில் ஒரு எண் ஏறினால் பத்து மடங்கு வித்தியாசம். ஐந்துக்கும் பத்துக்கும் இடையே லட்சம் மடங்கு. சோப்பு எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும் இந்தக் காரம் போகாது. அமிலம் சேர்த்துப் புளிப்பாக்கினால் அது சோப்பாகவே இருக்காது. கொழுப்பு அமிலமாகப் பிரிந்து கட்டி கட்டியாக மிதக்கும். ஆகவே ‘பி.எச். 5.5’ என்று எழுதிய கட்டி உண்மையாகவே அப்படி இருந்தால், அது சோப்பு வடிவத்தில் வார்த்த வேறொரு பொருள். கடைகளில் அதை சின்டெட் என்கிறார்கள்.

இதைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். ஆரத்தித் தட்டில் மஞ்சளைக் கரைத்துச் சுண்ணாம்பு போட்டால் தண்ணீர் சிவக்கும். மஞ்சளிலுள்ள நிறமி காரம் பட்டால் சிவந்துவிடும் என்பதுதான் அதன் சூட்சுமம். சாம்பார்க் கறை பட்ட வேட்டியில் சோப்புப் போட்டவுடன் கறை சிவப்பதும் இதனால்தான். ஒரு வெள்ளைத் துணியில் மஞ்சள் தூளைக் குழைத்துத் தடவிக் காயவிட்டு, வீட்டிலுள்ள சோப்பு, ஃபேஸ் வாஷ், குழந்தைக்குப் போடுகிற கட்டி எல்லாவற்றையும் தனித்தனியாக ஈரம் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். எது சிவக்கிறதோ அது காரம். ‘மென்மை’ என்றும் ‘பால்’ என்றும் ‘குழந்தை’ என்றும் அட்டையில் எழுதியிருப்பதை மஞ்சள் படிப்பதில்லை.

சோப்பு அட்டையில் ‘டி.எஃப்.எம். 76 சதவீதம்’ என்று பார்த்து வாங்குபவர்கள் கூடிவருகிறார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் அது என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு பார்க்கலாம். மொத்தக் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்பதே அந்த எண். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கணக்கில் 76 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரக் குளியல் சோப்பு. 70 இரண்டாம் தரம். 60 மூன்றாம் தரம். 40 சதவீதம் இருந்தால் ‘பேத்திங் பார்’ என்று விற்கலாம். எண் கூடினால் சோப்பு சீக்கிரம் கரையாது, நிரப்புப் பொருள் குறைவு. காரம் குறைவு என்று பொருளில்லை. 76 சதவீத சோப்பும் மஞ்சளைச் சிவக்க வைக்கும்.

சோப்பின் கதையில் தண்ணீரையும் சேர்க்காமல் தென் புறநகரில் பேச முடியாது. அடையாறு ஓரமாகவே ஊர் இருந்தாலும், எங்கள் வீடுகளில் குளிப்பது பெரும்பாலும் போர் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும். வாளியின் உட்புறம் வெள்ளைப் படலம் கட்டும். ஷவர் ஓட்டைகளை ஊசியால் குத்த வேண்டியிருக்கும். ஹீட்டர் சுருளில் பாறை வளரும். கால்சியமும் மக்னீசியமும் கூடிய கடின நீர். குடிநீருக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மைவரை ஏற்கலாம், வேறு வழியில்லை என்றால் 600வரை போகலாம் என்பது இந்தியத் தரம்.

இந்தத் தண்ணீரில் சோப்பு போட்டால் முதலில் நுரைக்காது. சோப்பின் கொழுப்பு அமிலம் கால்சியத்தோடு கட்டிக்கொண்டு கரையாத திப்பியாகிவிடும். வாளி விளிம்பில் ஒட்டுகிற அந்தச் சாம்பல் நிறப் பிசுக்குதான் தோலிலும் ஒட்டுகிறது. நுரை வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் தேய்க்கிறோம். அதாவது காரத்தைக் கூட்டுகிறோம். அலசினாலும் பிசுக்கு முழுக்கப் போகாது. பிசுக்காக இருக்கிறதே என்று மறுபடி தேய்ப்போம்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கடின நீரில் கழுவியபோது சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற நுரைப்பொருள் தோலில் அதிகமாகத் தங்கிவிடுவதையும் எரிச்சல் கூடுவதையும் கண்டார்கள். ஏற்கனவே கரப்பான் உள்ளவர்களுக்கு இது இன்னும் மோசம். சரி, தண்ணீரை மென்மையாக்கினால் கரப்பான் குணமாகுமா? அதே நாட்டில் 336 குழந்தைகளை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2011இல் வந்தது. வீட்டில் கருவி பொருத்தித் தண்ணீரை மென்மையாக்கியும் நோயின் கடுமையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆகையால் ‘இந்தக் கருவியை மாட்டினால் தோல் பளபளக்கும்’ என்று வீட்டு வாசலில் வந்து பேசுபவரிடம் நான் இந்தச் சோதனையைச் சொல்லி அனுப்பிவிடுவேன். கடின நீர் கெடுதலைக் கூட்டும். அதை மட்டும் சரிசெய்தால் கெட்டது தானாகத் திரும்பிவிடாது. சோப்பு அளவைக் குறைப்பது அதைவிட மலிவு.

மேலே சொன்ன சோடியம் லாரில் சல்ஃபேட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சிக்கெனத் திரண்டு நுரைக்கிற ஷாம்பு, பற்பசை, மலிவான ஃபேஸ் வாஷ் பலவற்றில் இது உண்டு. தோல் ஆய்வாளர்களுக்கும் இது வேண்டப்பட்ட பொருள். எதற்காக என்றால், ஒரு க்ரீம் எரிச்சலை ஆற்றுமா என்று பார்க்க முதலில் எரிச்சலை உண்டாக்க வேண்டுமே, அதற்கு உலகமெங்கும் பயன்படுத்துவது இதைத்தான். கலவையிலுள்ள கொழுப்பைக் கரைப்பதோடு செங்கல்லின் புரதத்தையும் ஊதிப் பெருக்க வைத்துவிடும். பெயரில் ‘லாரெத்’ என்று வரும் அதன் தம்பி கொஞ்சம் சாது. பற்பசையைப் பருவின் மேல் தடவிக்கொண்டு தூங்குபவர்கள் இந்த லாரிலைத்தான் இரவெல்லாம் முகத்தில் வைத்திருக்கிறார்கள்; கூடவே மென்தால். பரு காய்ந்துபோகும், உண்மைதான். சுற்றியுள்ள தோலும் காய்ந்து உரிந்து, பரு போன இடத்தில் கருப்புத் தழும்பு நிற்கும். நம் மாநிறத் தோலில் எரிச்சல் பல நேரம் கருமையாக முடிகிறது. வெள்ளையர் தோலில் சிவந்து மறைவது நமக்கு மாதக்கணக்கில் கரும்புள்ளியாக நிற்கும். அந்தக் கரும்புள்ளியைப் போக்க இன்னொரு புட்டி வாங்குவோம்.

புட்டிகள் என்றால், தெரிந்த வீட்டுக் கல்லூரிப் பெண்ணின் மேசையில் பார்த்த வரிசையைச் சொல்கிறேன். கிளைகாலிக் அமில டோனர், வைட்டமின் சி சீரம், நியாசினமைடு, சாலிசிலிக் அமில ஃபேஸ் வாஷ், இரவுக்கு ரெட்டினால். ஒவ்வொன்றும் தனியாக எடுத்துப் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாத பொருள், ஆய்வுகளில் தேறியவை. ஆனால் இவற்றில் பல வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். கிளைகாலிக் அமிலம் செங்கற்களின் பிடிப்பைத் தளர்த்தி மேலடுக்கை உரிய வைக்கும். சுத்தமான வைட்டமின் சி தோலுக்குள் இறங்க வேண்டுமென்றால் கரைசலின் பி.எச். 3.5க்குக் கீழே இருக்க வேண்டும். எலுமிச்சம் பழத்தைப் பார்த்துப் பேசுகிற புளிப்பு. ரெட்டினால் தோலுக்குள் போய் ரெட்டினாயிக் அமிலமாக மாறி, செல்களைச் சீக்கிரம் சீக்கிரமாகப் பிறப்பித்து மேலே தள்ளும். அவசரமாக வந்த செங்கல் சரியாகச் சுடப்பட்டிருக்காது. முதல் சில வாரங்கள் தோல் வறண்டு உரிவது அதனால்தான். பழகப் பழகக் குறையும். சாலிசிலிக் அமிலம் எண்ணெய்த் துளைக்குள் இறங்கித் துப்புரவு செய்யும். ஒரே முகத்தில், ஒரே நாளில், ஐந்து பேரும் வேலைக்கு வந்துவிட்டால் மேஸ்திரி என்ன செய்வார்?

அளவு என்று ஒன்று இருப்பதை அமெரிக்காவின் அழகுப்பொருள் ஆய்வுக் குழு 1998இலேயே சொன்னது. வீட்டில் பூசிக்கொள்கிற பொருளில் கிளைகாலிக், லாக்டிக் அமிலங்கள் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், பி.எச். 3.5க்குக் கீழே இறங்க வேண்டாம். வெயிலிலிருந்து பாதுகாப்பும் தேவை. இணையக் கடையில் 30 சதவீத அமிலக் கரைசல் சிவப்பு நிறத்தில் ரத்தம்போல விற்பதையும், பிள்ளைகள் அதைப் பூசிப் படம் எடுத்துப் போடுவதையும் பார்க்கிறபோது எனக்கு நாகல்கேணி சுண்ணாம்புத் தொட்டி ஞாபகம் வருகிறது.

கூடுதலாகப் போட்டால் கூடுதல் பலன் என்பதற்குப் பதில் பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடிலேயே உண்டு. 1986இல் வெளியான ஒப்பீட்டில் 2.5, 5, 10 சதவீதம் மூன்றையும் வைத்துப் பார்த்தார்கள். பழுத்த பருக்களைக் குறைப்பதில் 2.5 சதவீதம் மற்ற இரண்டுக்கும் இளைத்ததில்லை. உரிதலும் எரிச்சலும் மட்டும் 10 சதவீதத்தில் கூடுதல். நெசவு வீட்டில் இதைப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: அது சாயத்தை வெளுக்கும். தலையணை உறையிலும் துண்டிலும் திட்டுத்திட்டாக வெள்ளை விழுந்தால் சாயக்காரரைத் திட்டாதீர்கள்.

‘அதனால்தான் நான் கெமிக்கல் எதுவும் போடுறதில்லை, எல்லாம் அடுப்பங்கரைதான்’ என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. பயத்தமாவும் கடலைமாவும் சோப்பைவிடச் சாதுவானவை. எலுமிச்சையை மட்டும் எடுத்து ஓரமாக வைத்துவிடலாம். அதன் சாற்றின் பி.எச். இரண்டை ஒட்டியது, அதாவது தோலைவிட ஆயிரம் மடங்கு புளிப்பு. அதைவிடப் பெரிய ஆபத்து வெயிலில் இருக்கிறது. எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் ஃபியூரனோகூமரின் என்ற வகைப் பொருட்கள் இருக்கின்றன. அவை தோலில் இருக்கும்போது வெயிலின் புறஊதாக் கதிர் பட்டால் சுடுநீர் கொட்டியதுபோலக் கொப்புளம் கிளம்பும். சாறு வழிந்த தடத்திலேயே கருப்புக் கோடு விழுந்து வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் இருக்கும். நிறம் கூடுவதற்காக எலுமிச்சை தடவிவிட்டு மதியம் பேருந்து நிறுத்தத்தில் நிற்பது எதிர் வேலை. சமையல் சோடா மறுபக்கம். மஞ்சள் துணியில் தொட்டுப் பார்த்தால் அதுவும் சிவக்கும்.

கற்றாழை எங்கள் ஊருக்கு நெருங்கியது என்பதால் ஒரு வார்த்தை. கற்றாழை என்ற பெயரில் இரண்டு செடிகள் நம் நாட்டில் திரிகின்றன. சதைப்பற்றான சோற்றுக் கற்றாழை ஒன்று. ரயில் பாதை ஓரத்தில் வாள்போல நிற்கிற ஆனைக் கற்றாழை இன்னொன்று. நாருக்குப் பேர்போனது இரண்டாவது. அதன் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் நுண்ணியதாக இருக்கின்றன. வெறுங்கையால் உரித்தால் அரிப்புப் பின்னியெடுக்கும். முகத்துக்குப் பூச வேண்டியது முதலாவது. அதிலும் மடலை வெட்டியவுடன் மஞ்சளாக ஒரு பால் வடியும். தோலுக்கும் சோற்றுக்கும் நடுவில் இருக்கிற கசப்புச் சாறு அது, சிலருக்கு எரிச்சல் தரும். மடலை நிமிர்த்தி வைத்து அது வடிந்தபின், அலசி, சோற்றை மட்டும் எடுக்க வேண்டும். பாட்டிகள் ஏழு தண்ணீரில் கழுவச் சொன்னது சடங்கு என்று நினைத்திருந்தேன்.

இதுவரை சொன்னதெல்லாம் எரிச்சல். அளவு மிஞ்சினால் யார் தோலாக இருந்தாலும் வரும், உடனே வரும், நிறுத்தினால் போகும். ஒவ்வாமை வேறு சங்கதி. அதற்கு நோய் எதிர்ப்புப் படை ஒரு பொருளை முன்பே பார்த்து எதிரி என்று குறித்து வைத்திருக்க வேண்டும். குறித்துவிட்டால் துளி பட்டாலும் ஓரிரு நாள் கழித்து அரிப்பும் நீர்க்கொப்புளமும் கிளம்பும். அந்தக் குறிப்பை அழிக்க முடியாது. ‘பத்து வருஷமா இதைத்தானே போடுறேன், இது எப்படி ஒத்துக்காமப் போகும்?’ என்று மருத்துவரிடம் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. பத்து வருஷம் பழகியதால்தான் படை அதைத் தெரிந்துகொண்டது. மெழுகு போன தோலில் ஒவ்வாமைப் பொருள் சுலபமாக உள்ளே போகிறது என்பதால், எரிச்சல் பல நேரம் ஒவ்வாமைக்கு வாசல் திறந்துவிடுகிறது.

இந்தப் பக்கத்தில் அதற்குப் பழைய உதாரணம் குரோமியம்தான். தோல் தொழிற்சாலையிலும் சிமென்ட் வேலையிலும் கை வெடித்து, அரித்து, வேலையையே விட்டவர்கள் உண்டு. சிமென்டும் காரம், முதலில் அது கையைத் திறந்துவிடும், பிறகு அதிலுள்ள குரோமியம் உள்ளே போகும். அழகுப் பொருட்களில் இந்த இடத்தைப் பிடித்திருப்பவை வாசனையும், கெடாமல் காக்கும் பொருட்களும். மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பாதுகாப்புப் பொருள் ஐரோப்பாவில் க்ரீம்களிலும் ஈரத் துடைப்பான்களிலும் பரவலாகச் சேர்ந்தபோது, 2010ஐ அடுத்த ஆண்டுகளில் ஒவ்வாமை அலையாகவே கிளம்பியது. 2013இல் அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் அதற்கு ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்ற பட்டத்தைக் கொடுத்தது. 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் தோலில் பூசி அப்படியே விடுகிற பொருட்களில் அதைத் தடைசெய்தது.

நம் நாட்டுக்கே உரிய வழக்கு ஸ்டிக்கர் பொட்டு. சில பொட்டுகளின் பசையில் இருந்த பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற பொருள் நிறமி செல்களைக் கொன்று, நெற்றியில் பொட்டின் அளவுக்கு, அச்சாக வட்டமாக, வெள்ளைத் தழும்பை விட்டுச் சென்றதை இந்தியத் தோல் மருத்துவர்கள் 1980களிலிருந்தே எழுதிவருகிறார்கள். வெண்புள்ளி என்று பயந்து பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகிற நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவந்த குங்குமம் போய்ச் சாயம் கலந்த குங்குமம் வந்ததில் வேறு ஒவ்வாமைகள் வந்தன.

சாராய வகைகளைச் சுருக்கமாக முடித்துவிடலாம். டோனரில், ஆஃப்டர் ஷேவில் இருக்கிற எத்தில் ஆல்கஹால் ஆவியாகும்போது குளிர்ச்சி தந்து, போகும்போது கொழுப்பையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். சீட்டைல், ஸ்டியரைல் ஆல்கஹால் என்று அட்டையில் இருப்பவை பெயரளவில்தான் ஆல்கஹால்; மெழுகுபோன்ற கொழுப்புப் பொருட்கள், தோலுக்கு நல்லது செய்பவை. அட்டையில் ‘ஆல்கஹால்’ என்ற சொல்லைக் கண்டதுமே ஒதுக்குபவர்கள் நல்லதையும் சேர்த்து விட்டுவிடுவார்கள்.

இப்போது நான் அதிகம் கவலைப்படுகிற இடத்துக்கு வருகிறேன். முகம் எரிகிறது, சிவந்திருக்கிறது. நேராக மருந்துக்கடைக்குப் போய், ‘அண்ணா, முகத்துல எரிச்சல், ஏதாவது க்ரீம் குடுங்க’ என்றால், கையில் வருவது பல நேரம் ஸ்டீராய்டு களிம்பு. மங்குக்கு, பருவுக்கு, நிறத்துக்கு என்று விற்பவற்றிலும் ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், மோமெட்டசோன் மூன்றும் கலந்த களிம்புகள் உண்டு. அதில் மோமெட்டசோன் ஸ்டீராய்டு. பூசிய மூன்றாம் நாள் முகம் தெளிந்துவிடும். இரத்தக் குழாய்களைச் சுருக்கி, எதிர்ப்புப் படையின் வாயைக் கட்டியதால் வந்த தெளிவு அது. அதே நேரத்தில் ஸ்டீராய்டு கலவைக் கொழுப்பின் உற்பத்தியைக் குறைக்கும். வாரங்கள் போகப் போகத் தோலை மெலிய வைக்கும். நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகச் சிவந்து எரியும். எரிவதால் மறுபடி பூசுவார்கள். எந்தச் சோப்பும் அமிலமும் செய்யாத அளவுக்கு இது மதிலை இடிக்கும். அதுவும் வலி தெரியாமல்.

இந்தியாவின் 12 தோல் சிகிச்சை மையங்களில், முகத்தில் குறையோடு வந்த 2926 பேரை விசாரித்த ஆய்வு 2011இல் வெளியானது. 433 பேர் முகத்துக்கு ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர். நிறத்துக்காகவும் பருவுக்காகவும் போட்டவர்களே அவர்களில் அதிகம். இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் இதற்கென்றே ஒரு பணிக்குழு அமைத்துப் போராடிய பிறகு, 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்ற பட்டியலில் சேர்த்தது. பட்டியல் ஒரு பக்கம். மருந்துக்கடை மேசை மறுபக்கம். குழாயின் பெயர் ‘சோன்’ என்றோ ‘சால்’ என்றோ முடிந்தால் கொஞ்சம் நின்று கேளுங்கள். பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், குளோபெட்டசால்.

எரிகிற முகத்துக்கு என்னதான் செய்வது? எல்லாப் புட்டிகளையும் நிறுத்துவதுதான் முதல் மருந்து, விலையும் இல்லை. மேலடுக்கு முழுக்கப் புதிதாக வரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை முகத்துக்குத் தண்ணீர் போதும், வேண்டுமென்றால் மஞ்சளைச் சிவக்க வைக்காத ஒரு கட்டி. சோப்பு போட வேண்டிய இடங்கள் அக்குள், தொடையிடுக்கு, கால். கை, வயிறு, முதுகெல்லாம் தினமும் நுரைக்க வேண்டிய அழுக்கைச் சேர்ப்பதில்லை. வெந்நீர் கொழுப்பை வேகமாகக் கரைக்கும் என்பதை எண்ணெய்ப் பாத்திரம் தேய்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்னையின் புழுக்கத்தில் தோல் எங்கே வறளப் போகிறது என்று கேட்கலாம். பகலெல்லாம் ஏசி அலுவலகத்தில் இருப்பவர்களைக் கேளுங்கள். அங்கே காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்து குழாய் வழியாக வெளியே சொட்ட விடுகிறார்கள்.

துடைத்த கையோடு, தோல் முழுக்கக் காயுமுன்னே ஈரம் காக்கும் பொருளைப் பூச வேண்டும். வாசனையில்லாத சாதாரண வாஸ்லினைவிட ஆவியாதலை நன்றாகத் தடுக்கும் பொருள் குறைவு. உடம்புக்குத் தேங்காய் எண்ணெயும் சரிதான். பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ள குழந்தைகளிடம் நடந்த சோதனையில் அது நன்றாகவே தேறியது. பரு வருகிற முகத்துக்கு அது வேண்டாம், துளை அடைபடும். மறுபடி புதுப்பொருள் ஒன்றைத் தொடங்கும் ஆசை வந்தால் முழங்கை மடிப்பில் ஒரு நாளைக்கு இரண்டு வேளையாக ஒரு வாரம் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போகலாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள்.

நெசவாளர்கள் இந்தக் கதையின் பின்பாதியையும் வைத்திருக்கிறார்கள். வேகவைத்துச் சாயம் ஏற்றிய நூலை அப்படியே தறியில் ஏற்றமாட்டார்கள். மெழுகு போன இழை குறுக்கே ஓடும் தறி நாடாவின் உரசலில் பிசிறு கிளம்பி அறுந்துவிடும். பாவை, அதாவது நீளவாட்டு இழைகளை, தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்து, பெரிய தூரிகையால் இழை இழையாக வாரிவிடுவார்கள். கஞ்சியில் கொஞ்சம் எண்ணெய் சேர்ப்பது வழக்கம். காய்ந்தபின் இழை முறுகி உடையாமல் இருக்க. போன மெழுகுக்கு இது ஈடு. ஆனால் அது தற்காலிகம் என்று அவர்களுக்குத் தெரியும். புதுச் சேலையை முதல்முறை அலசும்போது வாளித் தண்ணீர் கலங்குகிறதே, அந்தக் கஞ்சிதான். அடுத்த பாவுக்கு மறுபடி காய்ச்ச வேண்டும்.